ஏழு திருவிழா மோந்த ஒயின்

“எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க மாமா.”

கேட்டேவிட்டாள் பிலோமி. எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா அல்போன்சா வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணப் பேச்சை முடிக்க மாப்பிள்ளை வீட்டில் வைத்த விருந்து. ஆண்கள் குடிக்கும் மேசைக்குப் பெண்கள் குசினியிலிருந்து சீலா மீன் வறுவல் கொண்டுவரலாம். முள்ளை அள்ளிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் மரியாதை.

மாப்பிள்ளையின் அப்பா ரோச், கப்பல் ஏஜெண்ட். போர்ச்சுகல் கேப்டன் ஒருவர் அவருக்குக் கொடுத்த பாட்டில் அது. நூறு வருஷத்துக் கொடியில் பழுத்த திராட்சையாம். கிழட்டுக் கொடி கொஞ்சமாய்த்தான் காய்க்குமாம், ஆனால் ருசியெல்லாம் பழத்தில் இறங்கி நிற்குமாம். ரோச் அதை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், மெழுகுவர்த்திச் சூட்டில், ஏழு வருஷம் வைத்துப் பூசித்தார். மாதா கோயில் திருவிழாதோறும் கார்க்கைப் பிடுங்கி, வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் மோந்து பார்க்கக் கொடுத்து, திரும்ப அடைத்துவைப்பார். பாதி ஊர் அதை மூக்காலேயே குடித்தாயிற்று.

இன்றைக்குத்தான் ஊற்றினார்.

“பழைய கொடி வாசனை தெரியுதா வே?”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பிலோமியின் அப்பா சிலுவைக்குக் கண்ணில் நீர் கட்டியது. “தெரியுது அண்ணாச்சி. வேர் வாசனைகூடத் தெரியுது.”

“ஏ ஒன் டாடி!” என்றான் மாப்பிள்ளை பாஸ்கல்.

அப்போதுதான் பிலோமி கேட்டது. ரோச் சிரித்தார். “பி.எஸ்சி. படிச்சுட்டுக் காலேஜ் லேப்ல வேலை பார்க்குற புள்ளைல்லா! பார்க்கட்டும்.”

ஒரு வாய் குடித்தாள். காது வரைக்கும் புளித்தது.

“மாமா, இது காடி. மீனை ஊறப் போடலாம்.”

ரோச்சின் சிரிப்பு நின்றது. “ஏளா, உங்க வம்சத்துல எவன் ஒயினைக் கண்டான்? இந்த வாய்க்குத்தான் சொல்லுதேன், கல்யாணத்தோட காலேஜ் வேலையை விட்டுட்டு வீட்டுல கிடக்கணும்.”

பிலோமி பாஸ்கலைப் பார்த்தாள். ‘கல்யாணத்துக்கப்புறமும் நீ வேலைக்குப் போ, டாடிகிட்ட நான் பேசுதேன்’ என்று சொன்னவன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியது.

“நீங்க சொல்லுங்க. இது ஒயினா, காடியா?”

பாஸ்கல் கிளாஸைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

“டாடி சொன்னாச் சரியாத்தான் இருக்கும் பிலோமி.” நிரூபிக்க இன்னொரு மடக்கு குடித்தான். புரையேறி மூக்கால் வந்தது.

ஒரு மடக்குக் காடியையே துப்பத் துணியாதவன், அவள் வேலைக்காகவா வாய் திறக்கப் போகிறான்!

“மன்னிப்புக் கேளுளா,” என்று அல்போன்சா முழங்கையைக் கிள்ளினாள்.

“நீங்க குடிச்சு முடிச்சுட்டு வாங்கப்பா. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

செருப்பை மாட்டி, வாசல் தாழ்ப்பாளை இழுத்தாள். மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம்.

“கதவைச் சாத்துளா, போலீஸ்காரன் பார்த்துருவான்!” ரோச்சின் குரல் கிழிந்தது.

கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.