பதினெட்டாம் கிலோவில் ஒரு தூண்

1

இந்தக் கதை ஓர் ஒப்படையிலிருந்து, அதாவது கம்பஸில் செய்யச் சொல்லும் பாடவேலையிலிருந்து, பிறந்தது. அதுவும் என்னுடைய ஒப்படை அல்ல. பிறருடைய ஒப்படைகளோடு புழங்குவதுதான் என் பிழைப்பு என்பதால், இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

என் பெயர் சர்மிளா. கலவான பஸாரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வரும் கம்பஸ் பிள்ளைகள் அச்செடுக்க வருவார்கள். வந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, “இது மட்டும் விளங்கல்ல” என்பார்கள். பௌதிகம், பொருளியல், நிதி, புள்ளிவிபரவியல், கம்ப்யூட்டர் நிரல் எதுவானாலும் விளங்கப்படுத்துவேன். நான் கம்பஸ் போகவில்லை. உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளி எனக்கு மயிரிழையில் தவறியது. புள்ளிவிபரவியல் போடும் கணக்கு அது. அன்றைக்கே புள்ளிவிபரவியலை அடி முதல் நுனி வரை படித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என்னை வெட்டிய கத்தி எப்படிப்பட்டது என்று நான் பார்க்க வேண்டாமா?

[ஒரு குறிப்பு: நான் எழுதிக் கொடுப்பதில்லை. விளங்கப்படுத்துவது மட்டும்தான். அதற்குப் பிறகு பிள்ளை எழுதுவதும் நான் சொன்னதும் ஒன்றாக இருந்தால் அது தற்செயல்.]

2

நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அழிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

பௌதிகத் தொடக்கம்: ‘முப்பது பாகைச் சரிவில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஏறுகிறாள். மழை பெய்கிறது. உராய்வைப் புறக்கணிக்குக.’ உராய்வைப் புறக்கணித்தால் அவள் விழுந்துவிடுவாள். நிறுத்திவிட்டேன்.

பொருளியல் தொடக்கம்: ‘ஒவ்வொருவரும் தன் நன்மையையே பெருக்கப் பார்ப்பர் எனக் கொள்க. ஆகவே கொழுந்து பறிக்கும் பரிமளம்—’ இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பரிமளத்தைத் தெரிந்த யாராலும் முடியாது.

நிதித் தொடக்கம்: ‘இன்று கொடுத்த ஒரு பிடி கொழுந்தின் எதிர்காலப் பெறுமதியைக் காண்க. வட்டி வீதம் தெரியாது. திரும்பி வரும் நாளும் தெரியாது.’ இது பரவாயில்லை. ஆனால் நடுவீட்டில் இருக்க வேண்டியதை வாசலிலேயே கொட்டிவிடுகிறது.

நிரல் தொடக்கம்: ‘கூடை பதினெட்டுக் கிலோவுக்குக் குறைவாக இருக்கும் வரை, வரிசையில் பின்னால் நிற்பவரிடமிருந்து ஒரு பிடி சேர். மறுபடி பார்.’ நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். முழுக் கதையும் இதற்குள் இருக்கிறது. ஆனால் இரண்டு வரிக்கு எந்தச் சஞ்சிகை பக்கம் ஒதுக்கும்? ஆகவே விரித்து எழுதுகிறேன்.

3

சுமித்ரா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுக்கு இஸட் புள்ளி தவறவில்லை. இப்போது கம்பஸில் கடைசி வருடம். டவுனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் வீடு. அம்மா பரிமளம் அங்கே கொழுந்து பறிக்கிறார்.

ஒப்படை இதுதான்: நீங்களே தரவு சேகரியுங்கள், வரைபடம் வரையுங்கள், படத்தின் வடிவத்துக்குக் காரணம் எழுதுங்கள். முதலாவதாக வருகிறவருக்கு ஒரு கம்பனியில் பயிற்சி இடம். படங்களைப் பார்வைக்கு வைக்கும் நாளில் தோட்டக் கம்பனிக்காரர்களும் வருவார்கள். சுமித்ராவுக்கு அந்த இடம் வேண்டும். அது கிடைத்தால் வேலை கிடைத்த மாதிரி.

அவள் விடுமுறை முழுக்கக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, தராசு காட்டிய எடைகளை ஃபோனில் பதிந்தாள். எந்த எடை எத்தனை தடவை வந்தது என்று என் கடைக் கம்ப்யூட்டரில் படம் வரைந்தோம். இரண்டு பக்கமும் சரிந்து மணியைப் போல வரவேண்டிய படம். வந்ததோ வேறு. பதினெட்டுக்குக் கீழே வெட்டவெளி. பதினெட்டில் மட்டும் சிக்னல் டவர் மாதிரி ஒரு தூண்.

பதினெட்டுக் கிலோதான் ஒரு நாளுக்குரிய அளவு. அதைத் தொட்டால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். தொடாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்.

“தராசுல களவுடி. கணக்கப்பிள்ளை கூட்டிப் போடுறாரு. அதையே எழுது” என்றேன். நான் எதையும் உறுதியாகத்தான் சொல்வேன்.

“களவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மாங்க செய்யிறது” என்றாள் சுமித்ரா.

நிறுக்க வரிசையில் நிற்கும்போது, கூடுதலாகப் பறித்தவர்கள் குறைவாகப் பறித்தவரின் கூடையில் ஒரு பிடி, இரண்டு பிடி போட்டுவிடுவார்களாம். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. மேலதிகக் கிலோவுக்குத் தங்களுக்கு வரக்கூடிய காசு போய்விடும் என்று தெரிந்துதான் போடுகிறார்கள். இதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

“அப்ப படம் ஏன் இவ்வளவு கூரா நிக்குது?”

“கண்ணால பாத்தே அளந்துருவாங்கடி. ஒரு பிடி கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல. கொஞ்சம் அசட்டையா போட்டிருந்தாங்கன்னா படத்துல தெரிஞ்சே இருக்காது. அதுதான் அவுங்க விட்ட பிழை.”

“பிறகென்ன? அதையே காரணமா எழுது. நீதான் முதலாவது.”

“எழுதுனா கம்பனி பாக்கும். மலையிலயே ஆளுக்காள் தனியா நிறுக்கச் சொல்லிருவாங்க. பிறகு கை ஏலாத கிருஷ்ணகுமாரி அக்காவுக்கு தெனமும் அரைப்பேர்தான்.”

“எழுதல்லன்னா?”

“காரணத்துக்குத்தான் பாதிப் புள்ளி.”

4

இந்தக் கிருஷ்ணகுமாரியால்தான் கதை ஒரு மாதம் மேசையில் கிடந்தது.

முதல் பிரதியில் அவளை ஓர் அமைதியான பெண்ணாக எழுதினேன். மழைநாளில் சரிவில் விழுந்து வலக்கை மணிக்கட்டு உடைந்தவள். இன்னும் விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. ‘அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்—’ இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கை உடைந்தது உண்மை. மற்றதெல்லாம் பொய். கிருஷ்ணகுமாரி சண்டைக்காரி. தண்ணீர்க் குழாயடியில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பெண் அந்த லயத்து வீட்டு வரிசையில் இல்லை. பரிமளத்தின் சேவல் தன் கீரைப் பாத்தியைக் கிளறியதற்காகப் பரிமளத்தின் பரம்பரையையே இழுத்து வைத்துக் கிழித்தவள். நன்றி என்ற சொல் அவள் வாயில் வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

அவளை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். நல்லவளுக்குக் கொடுப்பதில் என்ன அதிசயம்? அவளோடு முகம் கொடுத்துப் பேசாத பெண்களும் அவள் கூடையில் போட்டார்கள். பேச்சு வேறு, கொழுந்து வேறு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. கதைசொல்லி இப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன், என்ன செய்ய?

5

சுமித்ரா ஒரு காரியம் செய்தாள். படத்தை ஃபோனில் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

“இது என்னா, கோயில் கோபுரமா?” என்று பரிமளம் கேட்டிருக்கிறார்.

“நீங்கதாம்மா. நீங்க எல்லாரும். கொழுந்து போட்டுப் போட்டு இப்புடி வந்திருக்கு.”

பரிமளம் ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். “நாங்க போடுறது இதுல தெரியுதா? இத யாருக்கு காட்டப் போற?”

படத்தின் செய்தி பெண்களிடையே பரவிவிட்டது. மறுநாள் வரிசையில் ஒருவரும் ஒரு பிடிகூடப் போடவில்லை. பயம். கிருஷ்ணகுமாரிக்கு அரைப்பேர் விழுந்தது.

[பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: அளக்கப் போனால் அளக்கப்படுவது மாறும் என்று நீங்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.]

அடுத்த நாள் பின்னேரம், கொட்டுகிற மழையில், கிருஷ்ணகுமாரி மலை இறங்கி என் கடைக்கு வந்தாள். ஒப்படையை அனுப்ப வேண்டிய கடைசி நாள் அது. சுமித்ரா கம்ப்யூட்டர் முன் இருந்தாள். வந்தவள் குடையை மடக்காமலே அவள் முன்னால் போய் நின்றாள்.

“ஏ புள்ள! படிச்ச திமிரா? என்னா படம் அது? காட்டு!”

சுமித்ரா திரையைத் திருப்பினாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

சுமித்ரா தூணைத் தொட்டுக் காட்டினாள். “இதுக்குள்ளக்கா.”

“ஒங்கம்மா?”

“அம்மாவும் நெறைய நாள் இதுக்குள்ளதான், மிச்சத்த போட்டுட்டு.”

“யாரு போட்டது, யாரு வாங்குனதுன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா. எல்லாம் ஒரே மாதிரிதான்.”

கிருஷ்ணகுமாரி திரையருகே குனிந்து பார்த்தாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் என் விசைப்பலகைப் பக்கம் வந்தது. நான் அதைத் தள்ளி வைத்தேன்.

“படத்துக்குக் கீழ ஒரு பெட்டிய காலியா வுட்டிருக்கியே, அது என்னாத்துக்கு?”

“இது ஏன் இப்புடி நிக்குதுன்னு காரணம் எழுதணும்.”

“எழுதல்லன்னா?”

“பாதிப் புள்ளி போயிரும்.”

அவள் நிமிர்ந்தாள். மடங்காத விரல்களால் முந்தானையைப் பிழிந்தாள்.

“அப்ப ஒனக்கும் அரைப்பேரா?” என்று கேட்டாள். “எழுதிக்க புள்ள. முழுப்பேரு வாங்கு. என்னைய நான் பாத்துக்குவேன்.”

வாசலில் நின்று திரும்பி, “ஒங்கம்மாகிட்ட சொல்லு, சேவலக் கட்டிப் போடச் சொல்லி” என்று கத்திவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

வரிசையில் எந்நாளும் வாங்கியே பழகிய அந்தக் கை, முதல் தடவையாக ஒரு பிடி போட்டுவிட்டுப் போனது. அதுவும் தன்னிடம் உபரியாக இல்லாத பிடி. சுமித்ரா அழுதாள். நானும்தான்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: சுமித்ரா காரணத்தை எழுதுகிறாள், முதலாவதாக வருகிறாள். பார்வை நாளில் ஒரு கம்பனிக்காரர் படத்தின் முன் நின்று தலையாட்டிவிட்டுப் பெயரைக் குறித்துக்கொள்— தோட்டத்தின் பெயரையா, சுமித்ராவின் பெயரையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

இரண்டு: காலியாகவே அனுப்புகிறாள். மேன்மையான முடிவு. ஆனால் கிருஷ்ணகுமாரி வாழ்நாளில் கொடுத்த ஒரே பிடியைக் கீழே கொட்டியதாக ஆகிவிடும்.

மூன்று: நான் ஒரு சின்ன நிரல் எழுதி எடைகளை அங்குமிங்கும் கொஞ்சம் கலைத்துவிடுகிறேன். தூண் கரைந்து அழகான மணியாகிவிடுகிறது. இதைச் சுமித்ராவிடம் சொல்லியும் பார்த்தேன். “அவுங்க செஞ்சத இல்லாம ஆக்கச் சொல்றியா?” என்று என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

நீங்கள் கெட்டிக்காரர், கவனித்திருப்பீர்கள். எழுதலாமா கூடாதா என்று சுமித்ரா தவித்த அந்தக் காரணத்தை நான் மூன்றாம் பகுதியிலேயே எழுதிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். தோட்டத்தின் பெயர் இதில் இல்லை. பதினெட்டு என்பது உண்மையான எண் அல்ல. கிருஷ்ணகுமாரி என்பது நான் வைத்த பெயர். வாசித்தால் அதற்கும் சண்டைக்கு வருவாள். மாற்றாமல் விட்டது அந்த ஒரு பிடியை மட்டும்தான்.

அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சுமித்ரா என்னிடம் கேட்டாள்: “நீ என்னாடி எழுதுவ?”

நல்லவேளை, ஒரு வாடிக்கையாளர் வந்தார். “நங்கி, மேக்க கொப்பி தெகக் கஹன்ன” என்று சிங்களத்தில் சொல்லி அடையாள அட்டையை நீட்டினார். இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். படத்தின் கீழே அந்தப் பெட்டி இன்னும் காலியாக இருந்தது. சுமித்ராவின் விரல்கள் விசைப்பலகைமேல் இருந்தன.

கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். நான் பறித்தது இவ்வளவுதான். நிறுத்துப் பார்த்தால் ஒரு பிடி குறையும், எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள்.