பின்பாரமாக ஆறு பேர்

குருநகர் ஐஸ் தொழிற்சாலைக்குப் புதுக் கொம்பிரசர் வந்து இறங்கிய அன்று வேடிக்கை பார்க்கக் கூடிய சனம் அஞ்ஞூறு. சரி, முப்பது. சத்தம் அஞ்ஞூறு பேருடையது. பழையது முதல்நாளே மூச்சை விட்டிருந்தது. விடியப் படகுகள் வரும்; ஐஸ் இல்லாவிட்டால் அவ்வளவு மீனும் நாறும்.

பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டியை ஓட்டுவது என்ரை மகள் லவீனா. லைசன்ஸ் எடுத்து வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் கிழமை. "மூண்டு மாசம் பாப்பம், சரிவராட்டில் வேறை ஆள்" என்று முகாமையாளர் சுரேஸ் முதலே சொல்லி வைத்திருந்தான்.

தொழிற்சாலை வாசல் பதிவு, உயரம் காணாது. வண்டி உள்ளே போகாது. அதனால் வண்டியின் முன்னால் பூம் மாட்டியிருந்தார்கள். நீளமான இரும்புக் கை, நுனியில் ஒரு கொழுக்கி. அதில் கொம்பிரசரைத் தொங்கவிட்டு உள்ளே நீட்டி வைத்தால் வேலை முடிந்தது என்பது சுரேஸின் எண்ணம்.

லவீனா வண்டியில் அடித்திருந்த தகட்டை வாசித்தாள். பூமிலிருந்த தகட்டையும் வாசித்தாள். நற்கருணை எடுக்கப் போகும்போதுகூட அவள் முகம் அவ்வளவு பயபக்தியாய் இருந்ததில்லை.

"இந்த நுனியிலை எண்ணூறு கிலோதான் தூக்கலாம். கொம்பிரசர் ஆயிரத்தைஞ்ஞூறு. ஏலாது அண்ணை."

"அதுக்கென்ன பிள்ளை, பின்னுக்கு ஆக்களை ஏத்தினாச் சரி" என்றான் சுரேஸ்.

சொல்லி முடியமுதல் ஆறு பேர் ஏறிவிட்டோம். முதல் ஆள் நான்தான். நாற்பது வருசம் கடலில் இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஒரு பக்கம் வலை இழுத்துப் படகு சரிந்தால் மறுபக்கம் குந்துவோம். நான் குந்தின பாரத்தில் மறுபக்கம் வலையோடு திமிங்கிலமே மேலே வந்திருக்கிறது!

லவீனா இயந்திரத்தை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"அப்பா, இறங்குங்கோ."

"ஏன் பிள்ளை, எங்கடை பாரம் காணாதே?"

"கடலிலை கவிண்டால் நீந்துவியள். இது கவிண்டால் சீமெந்திலை நீந்துவியளே?"

சனம் சிரித்தது. நான் மரியாதையோடு இறங்கினேன். மற்ற ஐந்து பேரும் பின்னால் வந்தார்கள்.

"ஏலாதெண்டால் சாவியைத் தா. வேறை ஆளை இருத்திறன்" என்றான் சுரேஸ்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"தாறன் அண்ணை. ஆனா முதல்லை அரை மணித்தியாலம் எனக்குத் தாங்கோ."

பூமைக் கழற்றுவித்தாள்; பாரம் கிட்ட இருந்தால் வண்டி இதைத் தாங்கும் என்று தகட்டில் இருந்ததாம். வண்டியின் இரண்டு இரும்பு நாக்குகளையும் கொம்பிரசரின் மரத்தளத்துக்குக் கீழே முழுதாகச் செருகி, பாரம் வண்டியோடு ஒட்டி நிற்க மெல்லப் பின்னுக்குச் சரித்தாள். நிலத்திலிருந்து ஒரு சாண்தான் உயர்த்தினாள். முன்னால் கொம்பிரசர் மறைத்ததால், ஹோர்ண் அடித்துச் சனத்தை ஒதுக்கிவிட்டு, பின்னுக்குப் பார்த்துப் பின்பக்கமாகவே ஓட்டினாள். எறும்பு முந்திப் போனது. வாசலடியில் வண்டியைத் திருப்பி, வரிசையாய்ப் போட்ட இரும்புக் குழாய்களின் மேல் பாரத்தை இறக்கினாள்.

"இப்ப ஆறு பேரும் வாங்கோ. தள்ளுங்கோ!"

தள்ளினோம். கொம்பிரசர் ஒரு கீறல் இல்லாமல் தன் இடத்தில் போய் நின்றது. லவீனா சாவியை எடுத்துச் சுரேஸிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "மூண்டு மாசமெல்லாம் வேண்டாம் பிள்ளை. வண்டி உன்ரை பொறுப்பு."

நான் கைதட்டினேன். சத்தம் கடலுக்கு அங்காலை மண்டைதீவில் கேட்டதாம். நம்பாதவர்கள் அங்கே போய் விசாரியுங்கோ.