நாலு ஓட்டை உள்ள பூச்சி

என் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இந்த ஓசூரில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பிழைப்பே அதுதான். வார்ப்பு இரும்புப் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ட்ராயிங்கில், அதாவது பாகத்தின் வரைபடத்தில், இல்லாத ஓட்டை இருந்தால் பிளாஷ் போட்டுப் படமெடுத்து, ரிஜெக்ட் என்று சிவப்பு மை வைப்பது என் வேலை.

அப்படிப்பட்டவள் இரண்டரை மாதமாக ஒரு பூச்சிக்கூட்டை டிபன் டப்பாவில் வைத்திருந்தேன். நாகரசம்பட்டியில் எங்கள் மாந்தோப்பு வேலியோர இலந்தையில் தொங்கியது அது. கோழிமுட்டை அளவு, கல் மாதிரி கெட்டி. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே கம்பெனியில் லேத் ஓட்டும் என் கணவர் சிவராஜுக்கு இது ஒரு கிண்டல். "இன்னாடி மாதேசு, முட்டைய அடகாத்துகினு இருக்கறியா?"

நேற்று சாயங்காலம் டப்பாவுக்குள் கரகரவென்று சத்தம். திறந்ததும் ஈரமாக ஒன்று ஊர்ந்து வந்து திரைச்சீலையில் ஏறிக்கொண்டது. இன்று ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், அம்மாடி! பழுத்த மாம்பழ நிறத்தில், என் இரண்டு கையையும் சேர்த்து விரித்தாற்போல் இறக்கை.

கேமராவை எடுத்தேன். வெளிச்சம் சுள்ளென்று அடிக்காமலிருக்க பிளாஷுக்கு முன்னால் தயிர் டப்பா மூடியை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் இறக்கையிலும் வட்டமாக ஓர் ஓட்டை. அது வழியாகத் திரைச்சீலையின் பச்சைக் கோடு அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஏங்க, போச்சுங்க! டப்பால அடைச்சி வெச்சி நானே கெடுத்துட்டேன்!"

சிவராஜ் எட்டிப் பார்த்தார். "ஓட்ட ரெக்கய வெச்சிகினு எங்க பறக்கும்? வெளிய உட்டா காக்கா கொத்திடும். டப்பாலயே இருக்கட்டும்."

இது காட்டுப் பட்டுப்பூச்சி, தின்ன வாய் கிடையாது, சில நாள்தான் உயிர் என்று போனில் படித்திருந்தேன். அந்தச் சில நாளும் டப்பாவிலா? என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனால் ஒன்று உறுத்தியது. நான்கும் ஒரே அளவு, ஒரே இடம். பழுது இவ்வளவு ஒழுங்காக வராது. கம்பெனியில் சந்தேகம் வந்தால் செய்வதையே செய்தேன். பிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்தேன்.

நான்கு வட்டமும் பளிச்சென்று மின்னின.

"ஏங்க, ஓட்ட எங்கயாச்சும் மின்னுமா?"

"எப்டி மின்னும்?"

"மின்னுது பாருங்க! கண்ணாடி வெச்சி தெச்சாப்ல இருக்குது. ஓட்டயே இல்லிங்க, மெல்லிசு தோலு!"

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ட்ராயிங்க பாக்காமயே ரிஜெக்ட் பண்ணிட்டியேடி!"

பொழுது சாய்ந்ததும் திரைச்சீலையோடு அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். கொஞ்ச நேரம் அதன் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. அப்புறம் ஒரே எம்பு. எதிர்வீட்டு மொட்டைமாடியைத் தாண்டிப் போய்விட்டது.

கழுத்தில் கேமரா தொங்கியது. எடுக்க மறந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் இருந்தது, எடுத்திருந்தாலும் ரிஜெக்ட்தான்.