புதுப் பெட்டிக் கண்ணாடி

“இத நல்லாக் கழுவுனியா, இல்ல சும்மா முக்கி எடுத்தியா?” என்று டெக்னீசியன் சங்கரண்ணன் கேட்டார். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முடித்த கண்ணாடிகளைக் கழுவித் துடைப்பது என் வேலை. அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம்; ஒரே கண்ணாடியை நாலைந்து தடவை பயன்படுத்துவோம்.

மாடி வார்டில் நோயாளியாகப் படுத்திருந்த தொம்மை, தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. டி.பி. என்றே எல்லோரும் நினைத்தார்கள், மாத்திரையில் தீர்ந்துவிடும். ஆனால் அந்த நீரில், கரு ஓரமாக ஒதுங்கிய அணுக்கள் கூட்டங்கூட்டமாகக் கிடந்தன.

“இது எலும்பு மஜ்ஜையில வார ரத்தப் புற்று. நெஞ்சு நீர்ல பாக்கது ரொம்ப அபூர்வம்,” என்றார் டாக்டர் சித்ரலேகா. “சனிக்கிழமை இதே நோவுல ஒருத்தரோட மஜ்ஜை பாத்தோம்லா? அந்தக் கண்ணாடியில ஒட்டிக் கெடந்ததோ என்னவோ.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மாலையில் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்ததும், அன்றன்றைய வேலையைக் குறித்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நோட்டை எடுத்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் என் எழுத்து: ‘குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. மஜ்ஜைக் கண்ணாடி ஆறு. எல்லாவற்றோடும் ஒரே வாளியில் அலசினேன்.’

மறுநாள் காலை தொம்மையின் மனைவி அஞ்சலின் சோதனைக்கூட வாசலில் நின்றாள். கண்ணாடி விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நீதானா கண்ணாடி கழுவுத பிள்ள?”

ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழுக்கா விட்டுட்டேன்னு சொல்லு தாயி. மாதாவுக்கு உன் பேருல மெழுகுதிரி ஏத்துதேன்.”

“ஒரே வாளியிலதான் அலசுனேன்,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. என்னை உள்ளே இழுத்துப்போய் டாக்டரிடம் அவளே சொன்னாள்.

“நான் அப்பவே சொன்னேம்லா!” என்றார் சங்கரண்ணன்.

டாக்டர் உடனே எதையும் முடிவு செய்யவில்லை. “மறுபடி நீர் எடுப்போம். புதுப் பெட்டியப் பிரிங்க.”

பெட்டியை நான்தான் பிரித்தேன். மறுபடி எடுத்த நீரைத் தடவிய கண்ணாடியில் சாயம் காயும்வரை அஞ்சலின் என் கையை விடவில்லை. “வேல போச்சுன்னா எங்க ஊருக்கு வந்திரு. மீன் கழுவத் தெரியும்லா?” என்று சிரித்தாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு சங்கரண்ணனைப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் நகர்ந்துகொண்டார்.

“அதே அணுதாம்மா,” என்றார் டாக்டர். “கண்ணாடி மேல தப்பு இல்ல.”

அஞ்சலின் என் கையை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள்.