முதல் தந்தி

வாசித்து முடித்துவிட்டுக் கையைத் தந்திகளின் மேலிருந்து எடுத்தேன். பதினோரு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஜூஹுவா அக்கா, "சுருதி சேத்தாச்சா டீச்சர்? ஆரம்பிக்கலாமே" என்றார்.

நான் வாசித்தது முழுதாக ஆறு நிமிடம்.

எல்லோருமே சாங்ஷு நகரத்தின் பழைய நெசவாலையில் முப்பது வருடம் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். மாலையில் அவர்கள் கூடி ஆடும் சதுக்கத்தில் தரைக்கல் மாற்றுகிறார்கள் என்பதால், வேறு போக்கிடம் இல்லாமல் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் இலவச குச்சின் வகுப்புக்கு வந்திருந்தார்கள். அவர்கள் சாதாரணமாகப் பேசினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். குச்சினோ ஒற்றை ஆளுக்காகச் செய்ததுபோன்ற வாத்தியம். நீண்ட பலகை, ஏழு தந்தி, பக்கத்து அறைக்குக்கூடப் போகாத குரல். அந்த அடக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஏசி சத்தம்தான் கேட்டுச்சு" என்றார் ஒருவர். ஒலிபெருக்கியைப் போட்டேன். தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கிறது என்றார்கள். ஜன்னலோரம் இருந்த ஷாவ் பெய்லான் என்ற ஒல்லியான அம்மா மட்டும், "நல்லா இருந்துச்சு டீச்சர். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவ பேச்சை நம்பாதீங்க" என்றார் ஜூஹுவா அக்கா. "எதைச் சொன்னாலும் சரி சரி, நல்லதும்பா. ரெண்டு வருஷம் முன்னாடி, என் புருஷன் போயிட்டாருன்னு மொதல் போன் இவளுக்குத்தான் போட்டேன். அப்பவும் இதே சரி சரி, நல்லதுதான். டப்புன்னு வெச்சுட்டா."

பெய்லான் அக்கா வாத்தியத்தின் கருஞ்சிவப்பு மெருகையே பார்த்தபடி, முகத்தில் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். இப்படியும் ஒரு மனுஷியா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஏழு பேர்தான் வந்தார்கள். பெய்லான் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டிருந்தார். ஜூஹுவா அக்காவும் வந்தார், எதற்கு என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக வாத்தியத்தின் முன் உட்காரவைத்து விரல் வைக்கக் காட்டினேன். பெய்லான் அக்காவின் முறை வந்தபோது பின்னால் நின்று, முதல் தந்தியைத் தொடச் சொன்னேன். அவர் அசையவில்லை. கூச்சப்படுகிறார் என்று எண்ணி, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நானே அந்தத் தடித்த தந்தியை மீட்டினேன். வாத்தியம் வைத்திருந்த மேஜைமேல் ஊன்றியிருந்த முழங்கையை அவர் சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்தார். பிறகு மெதுவாக உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்தார். கடைசியில் குனிந்து, கன்னத்தையே மேஜையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார்.

மீட்டினேன். மறுபடியும் மீட்டினேன்.

"படுக்க உங்க வீட்ல கட்டில் இல்லையாடி?" என்றார் ஜூஹுவா அக்கா. சிலர் சிரித்தார்கள். "அடியே பெய்லான்! உன்னத்தான்! பெய்லான்!" மூன்றாவது கூப்பாட்டுக்குப் பக்கத்து அறையின் தூரிகை எழுத்து வகுப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பெய்லான் அக்காவின் இமைகூட அசையவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

ஜூஹுவா அக்கா விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து, அவர் தோளைத் தொட்டார். பெய்லான் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எப்பேர்ந்துடி?"

"எது?" கண்கள் ஜூஹுவா அக்காவின் உதட்டிலேயே இருந்தன.

"காது."

பெய்லான் அக்கா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "மூணு வருஷம் ஆச்சு. எம் மகன்கிட்ட சொல்லிராதீங்க. தனியா இருக்காதன்னு அவன் இருக்கற நான்ஜிங்குக்கு இழுத்துட்டுப் போயிருவான்."

"அப்ப அன்னிக்கு போன்ல..."

"போன்ல உம் பேரு தெரிஞ்சுது. நீ என்னமோ சொன்ன. சரின்னேன். சாயங்காலம் வந்து பாத்தா உன் வாசல்ல சாவுக்கு வெக்கற வெள்ளைப்பூ வளையம்."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"செவிடுன்னு தெரியறதுக்குப் பதிலா, கல்நெஞ்சுக்காரின்னே நெனச்சுக்கட்டும்னு இருந்துட்டேன்."

ஜூஹுவா அக்காவின் வாய் தொடர்ந்து அசைந்தது, ஆனால் குரல் வரவில்லை. பெய்லான் அக்காவும் அப்படியே பதில் சொன்னார். தறிகளின் இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் எட்டாத வருடங்களில் அவர்கள் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் எல்லாம் புரிந்திருக்க வேண்டும்; அவர்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். நடுவில் ஒருமுறை ஜூஹுவா அக்கா பெய்லான் அக்காவின் கையில் பலமாக ஓர் அடி வைத்தார். பிறகு இருவருமே மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

"டீச்சர், அந்தத் தடிச்ச கம்பிய இன்னொருவாட்டி அடிங்க" என்றார் ஜூஹுவா அக்கா, பழைய பெருங்குரலில். "இவளுக்கு அப்படி என்னதான் கேக்குதுன்னு நானும் பாக்கறேன்."

மேஜையின் ஒரு முனையில் பெய்லான் அக்கா, மறுமுனையில் ஜூஹுவா அக்கா, கன்னத்தை மரத்தில் அழுத்தி ஒருவரையொருவர் பார்த்தபடி குனிந்திருந்தார்கள். நடுவில் நான் தந்தியை மீட்டினேன். ஒலி எழுந்தது, மெலிந்தது, நூலாகி இழுபட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் கடைசி இழை வரை கேட்டேன். பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை மீட்டக் கையைத் தூக்கிக் காத்திருந்தேன். மரத்துக்குள் அதிர்வு ஓயவில்லைபோல; அவர்கள் இருவரும் இன்னும் தலையை எடுக்கவில்லை.