சீலுக்குப் பின்னால் ஓர் இரண்டு

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. தேவை வரவில்லை. என் தந்தை பிர்னோ நகர ட்ராம்களின் பிரேக்கைச் சோதித்தவர். நான் கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 'சீல்' என்ற 'சிஸ்டம் கால்' ஒன்றை எழுதியவன். ஒரு கோப்பைப் பூட்டிவைக்கும்படி எந்த நிரலும் கெர்னலிடம் கேட்பதற்கான வாசல் அது. இருபத்திரண்டு ஆண்டுகளாக உலகமெங்கும் ஓடுகிறது. அதன் நிரலின் தலைப்பில் ஒட்டாகர் ஹவ்ரானெக் என்று என் பெயர் இருக்கும்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிறன்று, என் மகள் ஸ்தென்கா, அவளும் கெர்னலில் வேலை செய்பவள், மாடியறையிலிருந்து 'சீல்2' என்ற புதிய சிஸ்டம் கால் ஒன்றைக் கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். எங்கள் தொழிலில் ஒரு பெயருக்குப் பின்னால் இரண்டு வந்தால், முதலாவதைச் செய்தவன் தவறிவிட்டான் என்று பொருள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இவள் சொல்லியிருந்தாள்: "பழைய சீல், தெரியாத கட்டங்களைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே அதை விரிவாக்க முடியாது."

சீலைக் கேட்கும் நிரல், ஒன்றோ சுழியமோ இட்ட முப்பத்திரண்டு கட்டங்களை அனுப்ப வேண்டும். மூன்றுக்குத்தான் நான் பொருள் கொடுத்தேன், மற்றவை எதிர்காலத்துக்கு. அவற்றில் எதையாவது போட்டு அனுப்பினால் மறுத்திருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. ஒழுக்கமுள்ளவர்கள் காலி இடத்தில் குப்பை போட மாட்டார்கள் என்று கருதினேன். இன்று நாலாவது கட்டத்துக்குப் பொருள் கொடுத்தால், அங்கே குப்பை போட்டவனின் நிரல் உடையும். ஓடுகிற நிரலை உடைக்கக் கூடாது என்பது எங்கள் முதல் சட்டம்.

குழுவிலேயே பதில் எழுதினேன்: "மதிப்பிற்குரிய ஸ்தென்கா அவர்களுக்கு. குப்பை போடும் நிரல் ஒன்றையாவது காட்டவும்."

அவள் சாப்பிட இறங்கி வந்தாள்.

"க்னெட்லிக் கொழுக்கட்டைத் தட்டை இந்தப் பக்கம் தள்ளுங்க, மதிப்பிற்குரிய அப்பா."

"நிரலைக் காட்டு. இல்லேன்னா நாலாவது கட்டத்தையே எடுத்துக்கோ. எதுக்கு ரெண்டு?"

"எங்கயோ ஒருத்தன் போட்டிருப்பான்பா."

"எந்த மடையன்?"

மருமகன் போஹுஷ் சூப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா, இதை ஆயிரம் பேர் படிக்கிறாங்க. எங்க ஆபீஸ்ல பந்தயமே வச்சிருக்காங்க."

"என் பக்கம் எத்தனை பேர்?"

"ஒருத்தர். அவருக்கு இன்னும் விஷயம் புரியல."

நிரூபிப்பது என்று முடிவு செய்தேன். ஸ்தென்கா விரும்பிய பொருளையே, அதாவது மூடியதும் கோப்பை அழித்துவிடு என்பதை, நாலாவது கட்டத்துக்குக் கொடுத்து, அந்தக் கெர்னலை என் கணினியில் ஓட்டினேன். பதினொரு நாள் ஒன்றும் உடையவில்லை. ஒவ்வொரு நாளும் குழுவுக்கு அறிவித்தேன்.

பன்னிரண்டாம் நாள் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் பட்டியலை, சீலைக் கொண்டு அதைப் பூட்டிவைக்கும் ஒரு பழைய நிரலில் திறந்து மூடினேன். நான் அதன் தலைவர். மறுபடி திறக்கப் போனால் நூற்றுப் பதினான்கு உறுப்பினர்களையும் காணவில்லை, அவர்களுடைய கூடுகளையும் காணவில்லை.

ஸ்தென்கா அந்த நிரலைத் திறந்து பார்த்தாள்.

"கட்டங்கள்ல எதுவுமே வைக்காம விட்டிருக்காங்க. மெமரியில கிடந்த மிச்சம் மீதியெல்லாம் அப்படியே போயிருக்கு. யாருப்பா எழுதினது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். பெயர் தலைப்பிலேயே இருந்தது. எதை எழுதினாலும் பெயர் இடுவது என் வழக்கம்.

அவள் சிரிக்கவில்லை. போஹுஷ் அவசரமாகச் சமையலறைக்குப் போனான். அங்கிருந்து இருமல் கேட்டது.

"பேரைப் போட வேண்டாம்பா," என்றாள். "ஏதோ ஒரு பழைய நிரல்னு எழுதிடறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"நம்ம வீட்டுல யாரும் ஏதோ ஒருத்தர் இல்ல."

குழுவுக்கு நானே எழுதினேன்: "சீல்2-க்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. உடைந்த நிரலைக் கண்டுபிடித்தவர்: ஒட்டாகர் ஹவ்ரானெக். அதை எழுதியவர்: அவரே. சீலில் சரிபார்க்காமல் விட்டவர்: அவரே."

பிறகு மூன்று நாள் அவளுடைய சீல்2-ஐ வரிவரியாகப் படித்தேன். கேட்கும் நிரல் கட்டங்களுக்குப் பதில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும், அதன் அளவையும் சொல்ல வேண்டும். கெர்னலுக்குத் தெரியாத பகுதியில் சுழியம் தவிர எது இருந்தாலும் சீல்2 மறுத்துத் திருப்பி அனுப்பிவிடும். யாருடைய ஒழுக்கத்தையும் அது நம்பவில்லை. என்னால் குறை காண முடியவில்லை. சரிபார்த்தவர் என்று என் பெயரில் ஒப்புதல் வரியை இட்டேன்.

"சீல்3 வருமா?" என்று கேட்டேன்.

"வராதுப்பா. புதுசா எதாவது வேணும்னா படிவத்தோட வால் நீளும், அவ்வளவுதான்."

"வந்தா, அதுலயும் நம்ம பேருதான் இருக்கணும்."