ஆள்காட்டி விரல்

கரண்டியால் ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. பிலோமி முந்தானையால் துடைத்தாள். அப்பாவின் வலது கை மறுபடியும் பாயிலிருந்து எழுந்தது. ஆள்காட்டி விரல் கூரையைப் பார்த்து நின்று, மெதுவாகச் சுற்றியது.

“தண்ணி இல்லியா நைனா? இன்னாதான் வோணும்?”

அப்பா அருள்நாதன் அவளையே பார்த்தார். இடது பக்கமும் பேச்சும் முந்தாநாளே விழுந்துவிட்டன. விசிறினாள். போர்வையை மாற்றினாள். அவள் செய்து முடிக்கும்வரை காத்திருந்து, விரல் திரும்பவும் எழுந்தது.

“மேல காட்றாருடி. ஆண்டவரு கூப்புடறாரு,” என்றாள் அப்பாவின் தங்கை ராஜாத்தி. சர்ச் சாமியார் வந்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகும் விரல் ஓயவில்லை.

துறைமுகத்தில் அப்பாவின் வேலையே கைதான். கப்பலில் சரக்குக் குழியின் விளிம்பில் நின்று கிரேன்காரருக்குச் சைகை காட்டுவார். சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் பிலோமி பார்த்திருக்கிறாள். அவர் உள்ளங்கையை விரித்ததும் மூட்டைகள் நிறைந்த வலை அந்தரத்தில் அப்படியே நின்றது. அங்கே வாய் திறக்காததற்கெல்லாம் சேர்த்து வீட்டில் கத்துவார். வீட்டில் ஒரு நாளும் சைகை காட்டியதில்லை.

அந்தக் கையைப் படிக்கத் தெரிந்தவர் கிருஷ்ணப்பன் மாமா. யுத்தத்துக்கு முன்பிருந்தே அப்பாவோடு கிரேன் ஓட்டுகிறவர். காலையிலேயே ஆள் அனுப்பியிருந்தாள். கோதுமைக் கப்பல் நிற்கிறது, ஷிப்டு முடியாமல் இறங்க முடியாது என்று பதில் வந்தது.

மதியத்துக்கு மேல் விரல் எழவில்லை. மூச்சு சளியில் சிக்கிச் சிக்கி, நின்றுபோனது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கிருஷ்ணப்பன் வந்தார். தலையெல்லாம் கோதுமைத் தூசு. அப்பாவைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஆசாரி மூடியோடு நின்றார்.

“மாமா, காலைலேர்ந்து இப்டியேதான் காட்னாரு.” பிலோமி விரலை உயர்த்திச் சுற்றினாள்.

“தூக்கச் சொல்லிக்கிறான்மா.”

“எத்த?”

“வேகமா சுத்துனா நல்லா தூக்கணும். இந்த மாதிரி மெல்லமா சுத்துனா கொஞ்சூண்டு.” அவர் மூலையில் சுருட்டியிருந்த பாயைப் பார்த்தார். “தலகாணி வெக்கலியா?”

“கம்பவுண்டருதான் சமமா படுக்க வெக்க சொன்னாரு,” என்றாள் ராஜாத்தி. “அவரு ஆண்டவரத்தான்...”

தலையணையை உருவியவள் பிலோமிதான். அது டிரங்குப் பெட்டியின் மேல் இருந்தது. அதைத் தொடாமல், ஆணியில் தொங்கிய அப்பாவின் தலைப்பாகைத் துண்டை எடுத்து நான்காக மடித்தாள்.

“தூக்குங்க மாமா.”

கிருஷ்ணப்பன் இரண்டு கைகளையும் கொடுத்துத் தலையைத் தூக்கினார். அவள் துண்டைக் கீழே வைத்தாள். ஆசாரி மூடியை வைத்துப் பார்த்தார்.

“இடிக்குதும்மா.”

பிலோமி துண்டை எடுத்து, ஒரு மடிப்பைப் பிரித்து, திரும்ப வைத்தாள்.